இரண்டு '2' காணாமல் போன கதை

(மூன்றாம் ஆண்டு, கணிப்பொறித் துறை மாணவி)



முதல் வருஷம் பௌதிகத்தில் 37 மார்க் வாங்கி அரியர் வைத்தவள் நான் என்பது நம் விடுதியில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். மறைத்து என்ன ஆகப்போகிறது! எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அரியர் என்றால் என்னவென்று அப்பாவுக்குப் புரியவைக்கவே அரை மணி நேரம் ஆனது. எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப திரும்பப் பணம் கட்டணுமா தாயி?" என்றார். கட்டினார். ஒரு சலூன் கடைக்குப் போர்டு எழுதிய காசு அது.

அப்பா போர்டு எழுதுகிறவர். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஃபிளெக்ஸ் பேனர் வந்த பிறகு அந்த வேலை குறைந்து, இப்போது பாதி நாள் வெள்ளையடிக்கப் போகிறார். கம்ப்யூட்டரில் எழுத்து அடிக்கிற படிப்பைத்தான் மகள் படிக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்பா இந்தக் கட்டுரையில் பின்னாலும் வருவார். அதனால் இப்பவே சொல்லிவைக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம்மில் முக்கால்வாசிப் பேர் பத்தாவது வரைக்கும் தமிழ் வழி. இங்கே வந்ததும் புத்தகம், போர்டு, பரீட்சை எல்லாம் இங்கிலீஷ். அந்த முதல் செமஸ்டரில் நம்மைக் கரை சேர்ப்பது நம் பௌதிக சாரின் குறிப்புகள்தான். (சார் 'இயற்பியல்' என்று சொல்லவே மாட்டார். 'பௌதிகம்'தான்.) மீள்தன்மை, பாகுநிலை, பரப்பு இழுவிசை என்று எல்லாவற்றுக்கும் தமிழில் விளக்கம், பக்கத்திலேயே இங்கிலீஷ் சொல், அடியில் சூத்திரம். 212 பக்கமும் கையெழுத்து. என்றைக்கோ ஒரு பேட்ச்சுக்கு அவர் கொடுத்ததை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்து, என் கைக்கு வந்தது எத்தனையாவது தலைமுறையோ! ஓரமெல்லாம் கறுப்பு, மூலையில் ஸ்டேப்ளர் பின்னின் நிழல், 88-ம் பக்கத்தில் யாரோ ஒரு சீனியர் சிந்திய டீக்கறையின் ஜெராக்ஸ்.

சார் வருகிற மே மாதம் ஓய்வு பெறுகிறார். அவர் போய்விட்டால் இந்தக் குறிப்பு இன்னும் நாலு தலைமுறைக்குப் பிறகு வெறும் கறுப்புக் காகிதமாகிவிடும் என்று தோன்றியது. இரண்டாம் ஆண்டு முடிவில் என் அறைத் தோழியும் நானும் இதை மின்நூலாக்குவது என்று முடிவு செய்தோம். சாரிடம் கேட்டோம். "செய்யுங்கம்மா, ஆனா எனக்குக் காட்டாம யாருக்கும் குடுக்காதீங்க" என்றார். இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்!

முதலில் செய்தது சுத்த முட்டாள்தனம். 212 பக்கத்தையும் போனில் படம் பிடித்து ஒரே பி.டி.எஃப். ஆக்கினோம். 190 எம்.பி. வந்தது. முதலாண்டு மெக்கானிக்கல் தங்கை ஒருத்தியிடம் கொடுத்தோம். திரை கீறல் விழுந்த சின்ன போன் அவளுடையது. ஒரு வரி படிக்கப் பக்கத்தைப் பெரிதாக்க வேண்டும், பிறகு இடமிருந்து வலம் இழுக்க வேண்டும், அடுத்த வரிக்குத் திரும்ப இடப்பக்கம் இழுக்க வேண்டும். "அக்கா, இதுக்கு ஜெராக்ஸே தேவலைக்கா" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். நாங்கள் செய்தது நூல் இல்லை, நூலின் போட்டோ. போட்டோவுக்குள் தேட முடியாது. எழுத்தைப் பெரிசு பண்ண முடியாது. கண் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கு அது வெறும் படம். பி.டி.எஃப். என்பது 1993-ல் அடோபி நிறுவனம் கொண்டுவந்தது. எந்த இயந்திரத்தில் திறந்தாலும் பக்கம் அச்சில் இருப்பதுபோலவே நிற்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். அச்சடிக்க அது அருமை. நாலரை அங்குலத் திரைக்குப் பக்கம் நின்றால் போதாது, தண்ணீர் மாதிரி பாத்திரத்துக்குத் தக்கபடி ஓட வேண்டும்.

மின்நூல் என்ற எண்ணமே படத்தில் தொடங்கியது இல்லை, எழுத்தில் தொடங்கியது. 1971 ஜூலை 4 அன்று அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஹார்ட் என்ற மாணவர், தனக்குக் கிடைத்த பெரிய கணினியில் அவர்கள் நாட்டுச் சுதந்திரப் பிரகடனத்தைக் கையால் தட்டச்சு செய்து போட்டார். அதிலிருந்து வளர்ந்ததுதான் குட்டன்பர்க் திட்டம். தமிழில் 1998 பொங்கல் அன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாட்டுத் தமிழர்கள் சம்பளம் இல்லாமல் தட்டச்சு செய்தும் பிழை பார்த்தும் கொடுத்தார்கள். அதன் முதல் எண் கொண்ட நூல் திருக்குறள். இதைப் படித்ததும் எங்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர்கள் அத்தனை நூலை அடித்தார்கள், நம்மால் 212 பக்கம் அடிக்க முடியாதா?

அடித்தோம். ராத்திரிக்கு மூன்று பக்கம், நாலு பக்கம். 1999-ல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையை நான் பழகிக்கொண்டேன். தோழி இங்கிலீஷ் எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் ஆப் ஒன்றில் அடித்தாள். மூன்று அத்தியாயத்தை சாரே 2002-ல் ஒரு பிரௌசிங் சென்டரில் அடித்து சி.டி.யில் வைத்திருந்தார். ஆகா, வேலை மிச்சம் என்று திறந்தால் ஒரே பூச்சி பூச்சியாக வந்தது! அது பழைய டி.டி.பி. எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது தமிழே இல்லை. அதில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரிகிற வரிசையில், முதலில் கொம்பு, அப்புறம் 'க', அப்புறம் கால் என்று கிடக்கிறது. யூனிகோடில் முதலில் 'க', அதன் பின்னால்தான் உயிர்க்குறி. திரையில் கொம்பை முன்னால் காட்டுவது கணினியின் வேலை. மதுரைத் திட்டக்காரர்களும் இதே பாடுபட்டு, தங்கள் நூல்களைப் பழைய எழுத்துருவிலிருந்து டிஸ்கிக்கும் பிறகு யூனிகோடுக்கும் மாற்றியிருக்கிறார்கள். சாரின் மூன்று அத்தியாயத்தையும் மாற்றினோம், பாதியைத் திரும்ப அடித்தோம்.

இன்னொரு வேடிக்கை. எல்லாம் முடிந்து 'பௌதிகம்' என்று தேடிப் பார்த்தால், பாதி அத்தியாயத்தில் அந்தச் சொல்லே இல்லை என்கிறது! கண்ணெதிரே இருக்கிறது, இல்லை என்கிறது. ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு தெரிந்தது: நான் 'ப'வுக்குப் பின் ஔகாரக் குறியை அடித்திருக்கிறேன். தோழி 'ப', கொம்பு, 'ள' என்று மூன்றாக அடித்திருக்கிறாள். பார்க்க இரண்டும் ஒன்று. கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொல். "ஏன்டி, கண்ணுக்கு ஒண்ணாத்தானே இருக்கு?" என்று அவள் சண்டைக்கு வந்தாள்.

நூலின் வடிவத்துக்கு இ-பப் எடுத்துக்கொண்டோம். பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. ஒரு இ-பப் கோப்பின் பெயரில் கடைசியை 'ஜிப்' என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே நாம் இரண்டாம் ஆண்டில் படித்த எச்.டி.எம்.எல். பக்கங்கள், ஒரு அலங்காரக் கோப்பு, படங்கள், பொருளடக்கம், நூலின் விவரம் எழுதிய ஒரு சீட்டு, அவ்வளவுதான். சிகில் என்ற இலவச மென்பொருளில் செய்தோம்.

பொங்கல் லீவுக்கு வீட்டுக்குப் போனபோது அப்பாவிடம் போனைக் காட்டினேன். பெருமைக்குத்தான் காட்டினேன். அவர் கையை நீட்டித் தூரமாக வைத்துப் பார்த்தார். கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "எழுத்து நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏன் இப்படி நெருக்கி அடிச்சிருக்க? மேல் வரி 'கு'வோட வாலு, கீழ் வரி 'கி'யோட கொண்டையில போய் இடிக்குது பாரு" என்றார். இங்கிலீஷ் எழுத்துக்குப் போதுமான வரி இடைவெளியை நான் அப்படியே வைத்திருந்தேன். தமிழ் எழுத்துக்கு மேலேயும் சுழி, கீழேயும் வால். பிறகு இன்னொன்று கேட்டார்: "இது என்ன, பல்லு விழுந்த மாதிரி நடுவுல ஓட்டை ஓட்டையா?" வலது ஓரமும் நேராக நிற்கட்டும் என்று நான் போட்டிருந்த ஏற்பாட்டின் விளைவு அது. நம் சொற்கள் நீளம். சின்னத் திரையில் ஒரு வரிக்கு மூன்று சொல்தான் நிற்கும். அந்த மூன்றையும் இழுத்து விரித்தால் நடுவில் ஓட்டைதான். "போர்டுல சொல்லு நீளமா வந்தா நாங்க மத்ததை இழுக்க மாட்டோம் தாயி. அடுத்த வரிக்கு இறக்கிருவோம். வலது பக்கம் எப்படியோ நிக்கட்டும்."

அன்று ராத்திரியே வரி இடைவெளியை 1.2-லிருந்து 1.6 ஆக்கினேன். வலது ஓரத்தை விட்டுவிட்டேன். படிப்பவர் தன் விருப்பத்துக்கு எழுத்தைப் பெரிசு பண்ணிக்கொள்ளும்படி, எழுத்தளவை எண்ணாகப் பூட்டாமல் விகிதமாக வைத்தேன். முதல் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில் அப்பாவின் பெயரும் இருக்கிறது, 'எழுத்து அமைப்பு ஆலோசனை' என்று. அதை நான் அவரிடம் இன்னும் காட்டவில்லை.

பிப்ரவரி முதல் வாரம் நூலை சாரிடம் கொண்டுபோனோம். அவர் எழுத்தை நன்றாகப் பெரிதாக்கிக்கொண்டு, தன் பழைய நீள நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வரிவரியாகப் பார்த்தார். நாலு நாள் ஆனது. பாகுநிலை அத்தியாயத்தில் நிறுத்தினார். ஸ்டோக்ஸ் முறை: ஒரு சின்ன உலோகக் குண்டு எண்ணெய்க்குள் விழும்போது அடைகிற முற்றுத் திசைவேகத்தை வைத்துப் பாகியல் எண் காண்பது. "இதுல ஆரத்தோட வர்க்கம் எங்கம்மா?"

ஜெராக்ஸைக் காட்டினேன். அதில் ஆரம் வெறும் ஆரமாக நின்றது. சாரின் நோட்டில் அதன் தலையில் குட்டியாக ஒரு 2 இருந்தது! எந்த வருஷமோ, எந்தக் கடையிலோ, ஒரு ஜெராக்ஸ் மெஷின் அந்த 2-ஐச் சாப்பிட்டுவிட்டது. அதற்குப் பிறகு வந்த அத்தனை பேட்ச்சும் வர்க்கம் இல்லாமல் மனப்பாடம் செய்திருக்கிறது. நானும்தான். அந்த 37 மார்க் பேப்பரில் ஸ்டோக்ஸ் கேள்விக்கு வர்க்கம் இல்லாமல் எழுதியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த ஒரு கேள்வியால்தான் அரியர் விழுந்தது என்று சொல்லமாட்டேன், மற்றதையும் ஒழுங்காக எழுதவில்லை. ஆனால் பாஸ் மார்க் 40!

சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. "பேப்பர் திருத்துறப்பல்லாம் ஏன் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி தப்பு எழுதுறாங்கன்னு நினைப்பேன்மா. பார்த்து எழுதுறாங்கன்னுதான் நினைச்சேன்" என்றார். அப்புறம் வழக்கமான சாராகி, "முதல் அத்தியாயத்துலயே பரிமாணம் சொல்லிக் குடுத்தேனே! ரெண்டு பக்கமும் பரிமாணம் போட்டுப் பார்த்திருந்தா வர்க்கம் இல்லேன்னு அங்கேயே தெரிஞ்சிருக்குமே?" என்று திட்டினார். வாங்கிக்கொண்டோம்.

2-ஐச் சேர்த்தோம். இன்னும் பதினாலு பிழைகளைத் திருத்தினோம். சார் 'சரி' என்றதும் வெளியிட்டோம்.

இதோடு கதை முடிந்திருந்தால் இது ஒரு வெற்றிக் கட்டுரை. முடியவில்லை.

மூன்றாம் நாள் அந்த மெக்கானிக்கல் தங்கை ஓடிவந்தாள். "அக்கா, ராத்திரி படிக்கிறப்ப சூத்திரமே இல்லக்கா!" விடுதியில் பத்தரைக்கு விளக்கணைத்த பிறகு போர்வைக்குள் போனை இருட்டுத் திரையில் வைத்துப் படித்திருக்கிறாள். சூத்திரங்களை நாங்கள் படங்களாக வைத்திருந்தோம். இ-பப்பின் 2011-ம் ஆண்டுப் பதிப்பிலிருந்து சூத்திரத்தையும் எழுத்தாகவே எழுத வழி உண்டு. ஆனால் நம்மவர்கள் கையில் இருக்கும் பழைய போன்களில் அது சிதைந்து வந்ததால் படம் என்று முடிவு செய்திருந்தோம். பின்னணி இல்லாத படம், கறுப்புக் கோடு. திரை கறுப்பானதும் கறுப்பில் கறுப்பு. சூத்திரம் மாயம்!

பரீட்சை நெருங்குகிறது. அன்று ராத்திரியே உட்கார்ந்து 61 சூத்திரத்தையும் வெள்ளைப் பின்னணியோடு திரும்ப வரைந்தேன். முடிக்கும்போது மணி இரண்டரை. காலையில் அதே பெயரில் புதுக் கோப்பை எல்லோருக்கும் அனுப்பினேன். சாரிடம் காட்டவில்லை. பின்னணிதானே மாற்றினோம், எழுத்தை எங்கே மாற்றினோம் என்ற நினைப்பு.

பத்து நாள் கழித்து முதலாண்டு உள்தேர்வு. பரப்பு இழுவிசையை நுண்குழாய் முறையில் காணும் சூத்திரம்: உயரம், ஆரம், அடர்த்தி, புவிஈர்ப்பு முடுக்கம் நான்கையும் பெருக்கி 2-ஆல் வகுக்க வேண்டும். 23 பேர் 2-ஆல் வகுக்காமல் எழுதியிருந்தார்கள். சார் பேப்பர்க் கட்டை எடுத்துக்கொண்டு எங்கள் வகுப்புக்கே வந்துவிட்டார். கோபமாகக்கூட இல்லை. "இதைப் பரிமாணம் காட்டிக்கொடுக்காதும்மா. வெறும் எண்ணுக்குப் பரிமாணம் கிடையாது" என்றார்.

ஜெராக்ஸ் மெஷின் ஒரு 2-ஐத் தின்ன எத்தனை வருஷம் எடுத்துக்கொண்டதோ தெரியாது. நான் ஒரே ராத்திரியில் இன்னொரு 2-ஐத் தின்று, காலை டிபனுக்குள் 140 போனில் போட்டுவிட்டேன். ஜெராக்ஸ் என்றால் எழுத்து மங்கும், படிக்கிறவனுக்கு ஒரு சந்தேகமாவது வரும். என் படம் பளிச்சென்று இருந்தது. யாருக்குச் சந்தேகம் வரும்? அந்த 23 பேரில் ஒருத்தி, கட்டணம் கட்ட வீட்டில் ஆடு விற்றவள். எனக்கு இரண்டு நாள் மெஸ்ஸில் சாப்பாடு இறங்கவில்லை.

திருத்தினேன், சாரிடம் காட்டினேன். ஆனால் எந்தப் போனில் எது இருக்கிறது? மூன்று கோப்புக்கும் ஒரே பெயர். அப்போதுதான் நூலகம் என்றால் என்னவென்று எனக்குப் புரிந்தது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கணக்கு வாத்தியாராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர், 1931-ல் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவது பற்றியது. அதை நான் அலமாரி அடுக்குகிற சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். 'இதுதான் சரியான பிரதி, இங்கேதான் இருக்கிறது' என்று சந்தேகம் இல்லாமல் காட்ட ஒரு இடம் இல்லாவிட்டால், ஆயிரம் கோப்பு இருந்தும் அது நூலகம் இல்லை, குப்பைக்கூடை.

நம் கல்லூரி நூலகக் கணினியில், நூலகரின் அனுமதியோடு, கிரீன்ஸ்டோன் என்ற இலவச மென்பொருளைப் போட்டோம். நியூசிலாந்தின் வைகாட்டோ பல்கலைக்கழகத்தில் உருவானது. இணைய வசதி இல்லாத ஊர்களுக்காக யுனெஸ்கோ உதவியோடு சி.டி.யிலேயே கொடுத்தார்கள். நம் நூலகத்து இணைய லட்சணத்துக்கு அதுதான் பொருத்தம்! ஒவ்வொரு நூலுக்கும் ஒரு விவரச் சீட்டு. அதற்கு டப்ளின் கோர் என்று ஒரு முறை உண்டு (அயர்லாந்து டப்ளின் இல்லை, அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து டப்ளின், 1995-ல் அங்கே கூடிப் பேசித் தொடங்கியது). அதன் 15 விவரத்தில் எங்களுக்கு ஏழு போதும்: தலைப்பு, எழுதியவர், பொருள், மொழி, தேதி, வடிவம், உரிமை. தேதிக்குப் பக்கத்தில் பதிப்பு எண்ணை நாங்களாகச் சேர்த்துக்கொண்டோம்.

விஷயம் தெரிந்து மற்ற துறைக்காரர்களும் லேப் குறிப்பு, பழைய வினாத்தாள் விடை என்று கொண்டுவந்தார்கள். இப்போது 19 நூல் இருக்கிறது. ஒரு அண்ணன் கடையில் விற்கிற பாடப்புத்தகத்தை முழுசாக ஸ்கேன் செய்து கொண்டுவந்தார். வாங்க மறுத்தோம். "எல்லாரும்தான் வச்சிருக்காங்க, நீ மட்டும் என்ன?" என்று கோபித்துக்கொண்டார். நம் நாட்டுச் சட்டப்படி எழுதியவர் காலமாகி 60 ஆண்டு வரை உரிமை அவர் குடும்பத்துக்கு. சாரின் நோட்டுக்கு சாரிடம் கேட்டுவிட்டுத்தானே தொட்டோம்? அந்த அண்ணன் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

பழைய கோப்பை அழிக்க, தோழியும் நானும் விடுதியில் அறை அறையாகப் போனோம். வெளியிலிருந்து வருகிறவர்களை மதிய இடைவேளையில் பிடித்தோம். 140-ல் 129 போனைப் பார்த்தாயிற்று. மிச்சம் 11 பேர் யாரென்று தெரியவில்லை. அவர்கள் யாருக்கெல்லாம் அனுப்பினார்களோ, அதுவும் தெரியவில்லை.

ஆகவே நண்பர்களே, இந்த மலர் உங்கள் கைக்கு வந்ததும் ஒரு உதவி செய்யுங்கள். உங்கள் போனில் உள்ள 'பௌதிகக் குறிப்புகள்' முதல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 'பதிப்பு 3' என்று போட்டிருந்தால் நல்லது. பதிப்பு எண்ணே இல்லையென்றால் அது பழசு. ஆறாம் அத்தியாயம், நுண்குழாய்ச் சோதனை, கடைசிச் சூத்திரம்: கீழே ஒரு 2 போட்டுக்கொள்ளுங்கள். அப்படியே நூலகத்துக்கு வந்து, ஜன்னலோரக் கணினியில் புதுப் பிரதியை ஏற்றிக்கொண்டு போங்கள். மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை நான் அங்கேதான் இருப்பேன்.